அத்தியாயம் 7: பிடி, கைக்காப்பு, கழி – பிளாஸ்டிக் எதுவரை தாங்கும்?

கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு கருவியின் பிடி உடைந்தால், பழி முதலில் அதைப் பிடித்த ஆளின் மேல்தான் விழும். முரட்டுக் கை, கீழே போட்டிருப்பான், டிராக்டர் ஏறியிருக்கும் என்று மண்டோர் முடிவு கட்டிவிடுவார். உடைந்த துண்டைக் குப்பையில் எறியுமுன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்திருக்கும். மற்றது பளிச்சென்று இருக்கும். கறுத்த பகுதி அன்றைக்கு உடைந்ததல்ல. பல நாளைக்கு முன்பே விரிசல் விட்டு, மழைநீருக்கும் எண்ணெய்க்கும் வழி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது அது. பளிச்சென்று இருக்கும் இடம்தான் கடைசி அடியில் போனது. கறுப்பு பெரிதாகவும் பளபளப்பு சிறிதாகவும் இருந்தால் ஆளைத் திட்ட நியாயமில்லை. கருவியைச் சோதிக்காமல் கையில் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் கை படுகிற பிளாஸ்டிக் பாகங்களைப் பற்றியது இந்த அத்தியாயம்: செயின்சாவின் கைக்காப்பு, புல்வெட்டி இயந்திரத்தின் பிடி, குலை வெட்டும் கழியும் அதன் இணைப்புகளும், மருந்து பம்பு. பெரிய தோட்டத்தில் ஸ்டோர் இருக்கும், ஃபிட்டர் இருப்பார். ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு சனி ஞாயிறில் தானே குலை வெட்டுகிறவருக்கு அது கிடையாது. நாலு ஆளை வைத்துக் குத்தகைக்கு வெட்டித் தருகிறவருக்கும் கிடையாது. இது அவர்களுக்காக எழுதியது.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. மரம் உயர்ந்த பிறகு வெகுகாலம் மூங்கில்தான் கழி. அதன் நுனியில் அரிவாளை வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்து எடுத்த ரப்பர் பட்டையால் இறுகக் கட்டுவார்கள். மூங்கில் வெயிலில் வெடிக்கும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும், பூச்சி துளைக்கும். ஆனால் முறியப் போகிறது என்றால் முன்னதாகவே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பின்னால் அலுமினியக் குழாய் வந்தது. அதற்கும் பின்னால் கண்ணாடி இழையும் கார்பன் இழையும் வந்தன. எடை குறைந்தது, வெட்டும் வேகம் கூடியது. முன்னெச்சரிக்கை மட்டும் குறைந்துபோனது.

கைக்காப்பில் மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறிய கதையைத் துப்பாக்கிகளில்தான் தெளிவாகப் பார்க்கலாம். அவசரகாலத்தில் (1948–60) தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தோளில் தூக்கிய லீ-என்ஃபீல்டு ரைபிளில், சூடாகும் குழலிலிருந்து கையைக் காத்தது மரக் கைக்காப்பு. நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும், உப்பினால் குழலை நெருக்கும், குறி விலகும். 1960களில் அமெரிக்க எம்-16 கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் கைக்காப்போடு வந்தது. உள்பக்கம் சூடு தடுக்க மெல்லிய அலுமினியத் தகடு வைத்திருந்தார்கள். வெளியே முக்கோண வடிவம். இடப்பாதி வேறு, வலப்பாதி வேறு. படையில் அது அடிக்கடி உடைந்தது. இடப்பக்கம் உடைந்தால் இடப்பக்கத்துப் பாகமே ஸ்டோரில் இருந்தாக வேண்டும். 1980களின் எம்-16ஏ2இல் அதை உருட்டி, தடிப்பாக்கி, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அச்சில் வரும்படி செய்தார்கள். எது உடைந்தாலும் ஒரே உதிரிப்பாகம் போதும்.

இது தூரத்துக் கதையும் இல்லை. ரவாங்குக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய பத்து ஆராங்கில் எஸ்எம்இ ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. வெளிக்கூடு பிளாஸ்டிக்கில் வந்த ஆஸ்திரிய ஸ்டையர் ஏயூஜி ரைபிளை 1991 முதல் உரிமம் பெற்று மலேசியாவில் தயாரித்த நிறுவனம் அது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கும் நாட்டில் நம்மைப் போன்றவர்கள் அதைத் தொடப்போவதில்லை. ஆனால் அந்தத் துறை அடிபட்டுக் கற்றது செயின்சாவுக்கும் புல்வெட்டிக்கும் அப்படியே பொருந்தும். சூடான உலோகமும் பிளாஸ்டிக்கும் நேரே ஒட்டக் கூடாது. வெறும் பிளாஸ்டிக் போதாது, இழை வேண்டும். எளிதில் கிடைக்காத உதிரிப்பாகம் உள்ள கருவியை எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது.

எது கெடுக்கிறது

முதலில் வெயில். நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே இருக்கிறோம். மழை இல்லாத நாளில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை மட்டும் தாக்கும். நிறம் மங்கும், பளபளப்பு போகும், விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும். உள்ளே நல்ல நிலையில்தான் இருக்கும். ஆனால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்ட அந்த மெல்லிய தோலில் ஒரு கீறல் விழுந்தால், அது அங்கே நிற்காமல் நல்ல பகுதிக்குள்ளும் ஓடிவிடும். கருப்பு நிறம் இதற்கு நல்ல மருந்து. பிளாஸ்டிக்கில் இரண்டு விழுக்காடு அளவுக்குக் கலக்கும் கரித்தூள் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே விடாது. வெளியில் கிடக்கும் தண்ணீர்க் குழாய்கள் கருப்பாக இருப்பதும் இதனால்தான். பரிசோதிக்க விரும்பினால், வெள்ளை நிற கேபிள் டை ஒன்றையும் கருப்பு ஒன்றையும் வேலிக்கம்பியில் கட்டிவிட்டு சில மாதம் கழித்து வளைத்துப் பாருங்கள். வெள்ளை முதலில் படீரென்று உடையும்.

வெயில் கருவியைத் தாக்குவது வேலை நேரத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளில் செயின்சா ஓடுவது சில மணி நேரம். லாரித் தட்டில் திறந்தபடி கிடப்பது மீதி நேரமெல்லாம். வெயிலில் கிடக்கும் கருப்புப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை எளிதில் தொடும். ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடினால் போதும். செலவில்லாத இந்த ஒரு வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது ஈரம். இதில் ஒரு விநோதம் உண்டு. நல்ல கருவிகளின் பிடியும் கைக்காப்பும் பெரும்பாலும் நைலானில், கண்ணாடி இழை கலந்து வார்க்கப்படுகின்றன. நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 66 முழுக்க ஊறினால் தன் எடையில் 8 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் விறைப்புக் குறையும், அடி தாங்கும் வலிமை கூடும், அளவு கொஞ்சம் பெருக்கும். அதாவது அச்சிலிருந்து புதிதாக வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்து கிடந்த பிடிதான் நொறுங்கக் கூடியது. சில வாரம் நம் காற்றில் இருந்தது தாங்கும். புதுப் பிடியைப் பொருத்திய முதல் நாளே போல்ட்டை முழு பலத்தோடு இறுக்காதீர்கள். அளவாக இறுக்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள். அதற்குள் அது நம் ஈரத்துக்குப் பழகியிருக்கும்.

எண்ணெயும் மருந்தும் வேறு விதமாகக் கெடுக்கும். நைலானுக்குப் பெட்ரோலால் பெரிய கேடில்லை. கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டுக்கும் (முகக்காப்பு, பாதுகாப்புக் கண்ணாடி) ஏபிஎஸ் மூடிகளுக்கும் பெட்ரோலும் தின்னரும் விஷம். உடனே எதுவும் தெரியாது; இறுக்கத்தில் இருக்கும் இடங்களில், திருகைச் சுற்றி, தலைமுடி போன்ற விரிசல்கள் சில நாள் கழித்துத் தோன்றும். துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். இதைவிடக் கவனிக்கப்படாதது கொசு மருந்து. செம்பனை நிழலில் கொசுக்கடி தாங்காமல் கையில் தடவிக்கொள்ளும் கொசு விரட்டிகளில் பலவற்றில் டீட் என்ற பொருள் இருக்கிறது. அது நைலானை ஒன்றும் செய்யாது. பாலிகார்பனேட்டையும் ஏபிஎஸ்ஸையும் பிவிசியையும் இளக்கிவிடும். பாதுகாப்புக் கண்ணாடியில் விரல் பட்ட இடம் மங்கிப்போனால், பிடியின் மேலுறை பிசுபிசுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தடவிய உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கருவியை எடுங்கள்.

பிடியின் மேல் வரும் மெத்தென்ற உறையும் இங்கே சீக்கிரம் கெடும். பாலியூரித்தேன் உறைகளில் சில வகை, யாரும் தொடாமல் ஸ்டோரில் இருந்தாலே காற்றின் ஈரத்தால் சிதைந்து பசை போல ஒட்டும். இயற்கை ரப்பர் உறை பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும், வெயிலில் வெடிக்கும். பால்மரம் வெட்டி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிளாஸ்டிக்கைக் கொல்வது நாம் திருகும் போல்ட். உலோகத்தை இறுக்கினால் அது அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் அழுத்தத்துக்கு அடங்கி மெல்ல மெல்ல விலகிக்கொடுக்கும். வெப்பத்தில் இன்னும் வேகமாக. அதனால் போல்ட் தானாகத் தளரும். ஆள் மறுபடி இறுக்குவார். மறுபடி தளரும். மூன்றாவது முறை ஸ்பானரோடு ஒரு குழாயையும் சொருகி இறுக்குவார். துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தோன்றும். அந்த வெண்மை அழுக்கில்லை. அங்கே பொருள் உள்ளுக்குள் கிழியத் தொடங்கிவிட்டது. அந்த வளையத்தைக் கண்டால் பாகத்தை மாற்றுங்கள். காணாமல் இருக்க, போல்ட் தலைக்கு அடியில் அகலமான வாஷர் போடுங்கள். நேரே பிளாஸ்டிக்கில் கடிக்கும் ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். துளைக்குள் பித்தளையோ இரும்போ புஷ் வைத்து வார்த்த பாகம் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அதில் இறுக்கத்தை உலோகம் வாங்கிக்கொள்ளும்.

குலை வெட்டும் கழி

நட்டு ஏறத்தாழ மூன்றாவது ஆண்டில் காய்ப்புக்கு வரும் செம்பனை, தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுபோல நிற்கும். ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் உயரும். மரம் குட்டையாக இருக்கும்வரை உளி. தலைக்கு மேல் போனதும் கழி நுனியில் அரிவாள். மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய இயந்திர வெட்டியான 'சந்தாஸ்' நடுத்தர உயரத்துக்கு ஏற்றது. அதற்கு மேல் மரம் போனால் மறுபடி மனிதக் கையும் நீண்ட கழியும்தான். அப்போது கழி எதனால் ஆனது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

அலுமினியம் விறைப்பானது, விலை அடக்கம், வளைந்தால் வளைந்தபடி நின்று "என்னை மாற்று" என்று காட்டும். கண்ணாடி இழைக் கழி அலுமினியத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆனால் விறைப்பு அதன் பாதிதான், சில சமயம் பாதிக்கும் கீழே. நீளம் கூடக்கூட நுனி ஆடும். ஆடும் நுனியோடு மட்டைக்காம்பில் அரிவாளை வைப்பது புதியவருக்குச் சிரமம். கார்பன் இழைக் கழி இரண்டையும்விட இலேசானது, விறைப்பானது. செம்பனை வாரியமே 'ஹை-ரீச்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. நாள் முழுக்க அண்ணாந்து வெட்டும் ஆளின் கழுத்துக்கும் தோளுக்கும் அது தரும் ஓய்வு பெரிது. காசு இருந்தால் என் வாக்கு கார்பனுக்குத்தான், கீழே சொல்லப்போகும் இரண்டு நிபந்தனைகளோடு.

முதல் நிபந்தனை மின்கம்பி. அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். கார்பன் இழையும் கடத்தும் என்பது பலருக்குத் தெரியாது. 'பிளாஸ்டிக் கழிதானே' என்று மின்கம்பி ஓரத்து வரிசையில் தைரியமாகத் தூக்குகிறார்கள். அது பிளாஸ்டிக்கால் ஒட்டப்பட்ட கரி. உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டால் பிடித்தவரைக் கொன்றுவிடும். கண்ணாடி இழை காய்ந்து சுத்தமாக இருக்கும்வரை கடத்தாது. மழையில் நனைந்து, சேறு பூசி, பழச்சாறு வழிந்து கிடக்கும் கழியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எந்தக் கழியானாலும், நிமிர்த்திய நிலையிலோ சரிந்து விழும்போதோ அதன் நுனி கம்பியை எட்டும் என்றால் அந்த மரத்தில் வெட்டாதீர்கள். கம்பிக்குப் பக்கத்தில் மட்டை தொங்கினால் டிஎன்பியின் 15454ஐ அழைத்துச் சொல்லுங்கள். இடி முழக்கம் கேட்டாலும் கழியைக் கீழே வைத்துவிட வேண்டும். திறந்த வெளியில் பத்து மீட்டர் கரிக்கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதை மின்னல் மன்னிக்காது.

இரண்டாவது நிபந்தனை, கார்பன் கழியைக் கீழே போடாமல் இருப்பது. அலுமினியம் அடிபட்டால் சப்பளியும், பார்த்தால் தெரியும். கார்பன் அடிபட்டால் மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். பிறகு ஒரு நாள், குலை விழும் நேரத்தில், கூரிய சிலாம்புகளோடு முறியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி போதும்: ஐம்பது காசு நாணயத்தை எடுத்துக் கழியின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போய் 'டொக்' என்று விழும். விமானப் பராமரிப்பில்கூட இந்தத் தட்டுச் சோதனை இன்றும் உண்டு. 'டொக்' என்று கேட்ட இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு வையுங்கள். அது வளரும் என்றால் கழியின் காலம் முடிந்தது.

கண்ணாடி இழைக் கழிக்குச் சோதனை வேறு. வெயில் மேலே இருக்கும் பிசினை அரித்துவிட, இழைகள் வெளியே தலை காட்டும். கை அரிக்கும், நுண்ணிய முள் குத்தும். ஒரு பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே உருவினால் நூல் மாட்டும் இடம் தெரிந்துவிடும். இந்த நிலையில் கழி இன்னும் வலுவாகவே இருக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து (மூக்கு வாயை மூடிக்கொண்டு), வெளிப்புறத்துக்கு உகந்த பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் மீண்டும் உழைக்கும். கழி நீளவாக்கில் பிளந்திருந்தால் வார்னிஷ் அடித்து ஏமாறாதீர்கள்.

இனி இணைப்பு. கழி முறியும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு குழாய் சேரும் கிளாம்புக்கு ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோதான் இருக்கும். குறுகலான கிளாம்பை வெறி கொண்டு இறுக்குவதால் குழாயின் சுவர் நசுங்குகிறது. இரண்டு விரல் அகலமுள்ள காலர், உள்ளே ஒரு ரப்பர் பட்டை, அளவான இறுக்கம்: இவ்வளவுதான் வைத்தியம். கடலோரம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்துக் காற்றில் உப்பு உண்டு. அந்த ஈரத்தில் கார்பனும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். இரும்பு போல்ட் அலுமினியக் குழாயில் இருந்தாலும் அதே கதை. குழாயைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தால் அதுதான். நடுவில் ரப்பரோ டேப்போ வைத்துத் தொடர்பைத் துண்டியுங்கள், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

செயின்சாவின் கைக்காப்பு

முன்பிடிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் தட்டைக் கை வழுக்காமல் இருக்க வைத்தது என்று நினைப்பவர்கள் பலர். அது பிரேக்கின் நெம்புகோல். பட்டையின் நுனி மரத்தில் இடித்து, இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும்போது, மணிக்கட்டு அந்தத் தட்டில் மோதி அதை முன்னே தள்ளும், உள்ளே இருக்கும் பிரேக் பட்டை டிரம்மைக் கவ்வும், சங்கிலி நிற்கும். தட்டு உடைந்துபோனால் கை மோதுவதற்கு எதுவும் இல்லை. விரிசல் விட்டிருந்தால் மோதும்போது தட்டு மட்டும் மடங்கும், பிரேக் விழாது. தட்டே இல்லாத செயின்சாவைவிட விரிசல் விட்ட தட்டோடு இருப்பது ஆபத்து என்பேன். இல்லாததை நம்பி யாரும் அசட்டையாக வெட்டுவதில்லை.

பழைய பால்மரங்களைச் சாய்க்கும்போதும், காற்றில் விழுந்த துரியான் கிளைகளை அறுக்கும்போதும் இந்தப் பாகம் அதிகம் அடிபடுகிறது. செம்பனைத் தண்டு அறுப்பவருக்கு இன்னொரு தொல்லை: ஈரமான நார் உள்ளே போய்ப் பிரேக் பட்டையில் அடைத்துக்கொள்ளும். அப்போது தட்டு முன்னே நகராது. ஆள் பலத்தோடு தள்ளுவார். அடிப்பகுதி காது முறியும். ஆகவே உடைந்த தட்டை மாற்றும்போது மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் நாரையும் எடுங்கள். எடுக்காவிட்டால் புதுத் தட்டும் அதே இடத்தில் முறியும்.

சோதனை எளிது. இயந்திரத்தை நிறுத்தி, தட்டை முன்னே தள்ளினால் 'டக்' என்று விழ வேண்டும். பின்னே இழுத்தால் 'டக்' என்று மீள வேண்டும். பிறகு இருபக்கமும் இருக்கும் காதுகளை, திருகு போகும் இடத்தை, விரல்நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் விரிசல். சந்தேகமாக இருந்தால் கிரீஸ் படிந்த விரலால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுத் துணியால் துடையுங்கள். மேலே இருந்த அழுக்கு போய்விடும், விரிசலுக்குள் போன கறுப்பு மட்டும் கோடாக நிற்கும். கடைசியாக இயந்திரத்தை ஓட்டி, சமதரையில் உறுதியாகப் பிடித்து, வேகம் கொடுத்த நிலையில் இடது மணிக்கட்டால் தட்டைத் தள்ளுங்கள், கையைப் பிடியிலிருந்து எடுக்காமல். கண் இமைக்கும் நேரத்தில் சங்கிலி நிற்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் அன்றைக்கு அந்த இயந்திரத்துக்கு வேலை இல்லை.

அடியில் சங்கிலி பிடிப்பான் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். அறுந்த சங்கிலி வலக்கையை நோக்கிச் சுழன்று வரும்போது அதைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஒருமுறை பிடித்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். விலை மிகக் குறைவு. அது இல்லாமல் ஓடும் இயந்திரங்களோ ஏராளம்.

புல்வெட்டி இயந்திரத்திலும் சந்தாஸிலும் பிடியின் உடைவைவிட அதிர்வுதான் பெரிய கேடு. பிடிக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் திண்டு வெடித்துப்போனால் அதிர்வு முழுவதும் கைக்கு வரும், பிடியின் திருகும் நாளுக்கு ஒருமுறை கழலும். அடிக்கடி கழலும் திருகைக் கண்டால் திருகைக் குறை சொல்லாமல் திண்டைப் பாருங்கள். வேலை முடிந்த இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன என்று ஆள் சொன்னால், வயதாகிவிட்டது என்று சிரித்துத் தள்ளாமல் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

மருந்து பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் தொட்டி பாலிஎத்திலீன். களைக்கொல்லி இலையில் ஒட்டுவதற்காகக் கலந்திருக்கும் சோப்புப் பொருள், இறுக்கத்தில் இருக்கும் பாலிஎத்திலீனை நாளடைவில் வெடிக்க வைக்கும். வார் மாட்டும் இடமும் மூடியின் மரையும் முதலில் போகும். பாராக்குவாட் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் இன்று அடிக்கும் மருந்தும் முதுகில் வழிய வேண்டிய பொருளல்ல. மாலையில் மூன்று முறை அலசிக் கவிழ்த்து நிழலில் வைப்பது முதுகுக்கும் தொட்டிக்கும் சேர்த்து நல்லது.

ஒட்டலாமா, மாற்றலாமா

உடைந்த நைலானை எப்பாக்ஸி பிடிக்காது. பாலிஎத்திலீனையும் பாலிப்ரொப்பிலீனையும் கடையில் கிடைக்கும் எந்தப் பசையும் நம்பும்படி பிடிக்காது. சூப்பர் குளு காய்ந்ததும் கல்லாகி, அதிர்வில் பொடியாகும். மூடி, காற்றுவடிகட்டிக் கூடு போன்ற சுமை தாங்காத பாகங்களைக் கம்பியால் தைத்தோ டேப் சுற்றியோ ஓட்டலாம். கைக்காப்பு, பிடி, கழியின் இணைப்பு ஆகிய மூன்றிலும் ஒட்டுவேலைக்கு இடமே இல்லை. இவற்றில் டேப் சுற்றுவது விரிசலை மறைக்க மட்டுமே உதவும். டேப் சுற்றிய கைக்காப்பைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

வாங்கும்போது, "அண்ணே, ஒரிஜினலா, லோக்கலா?" என்று தவுக்கேயின் கடைப் பையன் கேட்பான். லோக்கல் எல்லாம் மோசமில்லை. பாகத்தைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். நேர்மையாகச் செய்பவர்கள் கூரிய அடைப்புக்குறிக்குள் பொருளின் பெயரை அச்சிலேயே பதித்திருப்பார்கள். 'பிஏ66-ஜிஎஃப்30' என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், நைலான் 66, அதில் 30 விழுக்காடு கண்ணாடி இழை என்று பொருள். 'பிபி' என்றால் பாலிப்ரொப்பிலீன். குப்பைத்தொட்டிக்குச் சரி, செயின்சா கைக்காப்புக்குச் சரியில்லை. எதுவும் பதிக்காத பாகத்தை, எடை பார்த்து, பழையதைவிட இலேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்மூலைகள் உருண்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரிய மூலையில்தான் முதல் விரிசல் பிறக்கும்.

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி கருவியைப் பழுதில்லாமல் பராமரித்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது, தண்டனைகள் கடுமையாகியுள்ளன. குத்தகைக்காரரும் இதில் முதலாளிதான். ஆள் வங்காளதேசத்திலிருந்து வந்தாரா, லொம்போக்கிலிருந்து வந்தாரா, பக்கத்து லயத்திலிருந்து வந்தாரா என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை.

இன்று மாலை உங்கள் செயின்சாவின் கைக்காப்பை ஒருமுறை நகத்தால் வருடிப் பாருங்கள். விரிசல் இருந்தால், புதுத் தட்டு வரும்வரை அதை நீங்களும் ஓட்டாதீர்கள், அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் இரவல் கொடுக்காதீர்கள்.